கைராசியைக் குறை சொல்லாமல் தொட்டியைத் திருப்பிப் பாருங்கள்

டப்ளினில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்காவது மாடியில் வாடகை வீடு, கணவரும் அவரும் மட்டும். சென்ற செப்டம்பரில் ஒரு செடிக்கடையில், உள்ளங்கை அகலத் தொட்டியில் பச்சை மெத்தை போல இருந்த ஒரு செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். சீட்டில் ‘ஐரிஷ் மாஸ், அதிகப் பராமரிப்பு தேவையில்லை’ என்று போட்டிருந்ததாம். அதைக் கடைத் தொட்டியிலிருந்து எடுத்து, அழகான பீங்கான் கிண்ணத்தில் மாற்றி நட்டு, வரவேற்பறையில் டிவிக்கு மேலே உள்ள பலகையில் வைத்தார். பாசி இலை வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும் என்று எங்கோ படித்ததால், டியூட்டிக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் ஸ்பிரே அடித்தார். நவம்பரில் நடுவில் பழுப்பு விழுந்தது. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ரேடியேட்டர் பக்கம் நகர்த்தினார். டிசம்பரில் பழுப்பு பரவியது. ஈரப்பதம் போதவில்லையோ என்று கிண்ணத்தோடு மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடிக்குள் இறக்கினார். இப்போது ஜனவரியில் அதன்மேல் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது.

கணவர் தூக்கிப்போடச் சொல்கிறார். மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “உனக்குச் செடி விஷயத்தில் கைராசி இல்லைம்மா” என்றிருக்கிறார். இதற்கு முன்பும் இரண்டு செடிகள் போய்விட்டதால் வாசகிக்கும் அதே எண்ணம். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவோ, இது காய்ச்சிக் குடிக்கிற பாசியா, உடம்புக்கு நல்லதாமே என்கிறார். பிழைத்தால் மே மாதம் ஊருக்குப் போகும்போது ஒரு துண்டை ஈர டிஷ்யூவில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாமா என்பது கடைசிக் கேள்வி. நான்கு படங்களும் இணைத்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

இதைப் படித்ததும் முதலில் கிண்ணத்தை ஜாடியிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னலோரம் வைத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். மூன்றாவது படத்தில், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த ஓரத்தில், பிறை போல இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை இருக்கிறது. அந்தப் பச்சையின் நுனிகள் மற்ற இலைகளைவிட வெளிறி, பளபளவென்று தெரிகின்றன. அவை புதுத் தளிர்கள். நான்கு மாதம் இத்தனை பட்டும் அந்தச் செடி ஜன்னலைத் தேடித் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் தூக்கிப்போட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கைராசி விஷயத்தையும் இங்கேயே பேசிவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, காலையில் வந்து ஷூவைக் கழற்றும் முன் ஒரு செடிக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள். அக்கறை இல்லாதவர் செய்கிற காரியமா இது? உங்கள் அக்கறை அத்தனையும் வேறொரு செடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயர் உங்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். மாமியார் வெடுக்கென்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் பார்த்தது வாடிய செடியை மட்டும். கிண்ணத்தின் அடியை அவர் பார்க்கவில்லை.

பெயரில்தான் பாசி

உங்களிடம் இருப்பது பேர்ல்வொர்ட். தாவரவியல் பெயர் சாகினா சுபுலாட்டா. கார்னேஷன் பூவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாசிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. அதனால்தான் அது பாறையில் ஒட்டிக்கொண்டு இலை வழியே ஈரத்தை இழுக்கிறது. உங்கள் செடிக்கு மூன்றும் உண்டு. வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் நூல் போன்ற காம்பில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ பூக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக. தண்ணீர் வேர் வழியாகத்தான் ஏறும். மேலே தெளிக்கிற தண்ணீர் நெருக்கமான அந்த ஊசி இலைகளுக்கு நடுவே தங்கி, வெளியேற வழியில்லாமல் அழுகலை வரவழைக்கும். உங்கள் மெத்தையின் நடுப்பகுதி முதலில் பழுத்ததற்குக் காரணம் இதுதான். காற்று குறைவாகப் போகும் இடம் அது.

அம்மாவின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஐரிஷ் மாஸ் என்ற பெயரிலேயே ஒரு கடற்பாசியும் உண்டு. அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளரும் சிவப்புப் பாசி, காராகீன் என்றும் சொல்வார்கள். அயர்லாந்தில் பாலில் காய்ச்சிப் புட்டிங் செய்வார்கள், இருமலுக்கும் காய்ச்சிக் குடிப்பார்கள். நம் ஊரில் நோன்பு நாட்களில் கடல்பாசி காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுவார்களே, அந்த ஜாதி. கடையில் பொடியாகவும் மாத்திரையாகவும் வருவது அந்தக் கடற்பாசி. உங்கள் கிண்ணத்துச் செடிக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இது கஞ்சியில் போடுகிற பொருள் இல்லை. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அந்தக் கடற்பாசிப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அதில் அயோடின் உண்டு.

இன்னொரு எண்ணத்தையும் மாற்ற வேண்டும். குளிரில் செத்துவிடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். இந்தச் செடி ஐஸ்லாந்து முதல் ஸ்பெயின் வரை தானாக வளர்கிறது. அயர்லாந்திலேயே சரளையும் மணலும் கலந்த திறந்தவெளிகளில் காட்டுச்செடியாக இருக்கிறது. இதன் தூரத்து உறவு ஒன்று அண்டார்டிகாவில் இருக்கிறது. அந்தக் கண்டத்துக்குச் சொந்தமான பூக்கும் தாவரங்கள் மொத்தமே இரண்டு. ஒன்று புல், மற்றொன்று அண்டார்டிக் பேர்ல்வொர்ட். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு டப்ளின் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ரேடியேட்டரின் காய்ந்த சூட்டில்தான் அது தவித்திருக்கிறது.

நாளை பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நடைபாதைக் கல் இடுக்குகளைக் குனிந்து பாருங்கள். கால் மிதிபடும் இடத்தில் தரையோடு தரையாகப் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் பாசி என்று நினைப்போம். சில இடங்களில் உற்றுப் பார்த்தால் ஊசி இலைகளும், குண்டூசித் தலை போன்ற மொட்டுகளும் தெரியும். அது சாகினா புரொகும்பென்ஸ், உங்கள் செடிக்குச் சகோதரி முறை. பூவில் இதழ் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு நுணுக்கம். யாரும் தண்ணீர் ஊற்றாமல், யாரும் உரம் போடாமல், மழையிலும் காற்றிலும் வளர்கிறது. ‘அதிகப் பராமரிப்பு தேவையில்லை’ என்று சீட்டில் போட்டிருந்தது பொய்யில்லை. வானமும் காற்றும் சரளை மண்ணும் பராமரிக்கிற இடத்துக்கு அது சரி. வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்த மூன்றின் வேலையும் நம் தலையில் விழுகிறது. அந்தச் சீட்டு தோட்டக்காரருக்கு எழுதியது, நீங்கள் அதை ஷெல்ஃபுக்காகப் படித்துவிட்டீர்கள்.

இந்த வார விடுமுறையில் செய்ய வேண்டியது

பழைய செய்தித்தாளை விரித்து, செடியைக் கிண்ணத்திலிருந்து மண்ணோடு சேர்த்து மெல்லக் கவிழ்த்து எடுங்கள். கிண்ணத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். படத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை, என் சந்தேகம் முழுக்க அங்கேதான். அடியில் தண்ணீர் தேங்கி, மண் சாக்கடை வாடை அடித்தால் காரணம் புரிந்துவிடும்.

பிறகு மெத்தையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். உயிருள்ள பகுதி ஸ்பான்ஞ் போல எழும்பும். காய்ந்து செத்த பகுதி தேங்காய் நார் போல மொரமொரக்கும். அழுகிய பகுதி கொழகொழவென்று விரலில் ஒட்டும், லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அழுகியதையும் செத்ததையும் சமையல் கத்தியால், கேக் வெட்டுவது போல, வேர் வரை செங்குத்தாக வெட்டி எடுத்துவிடுங்கள். வெள்ளை நூல் படர்ந்த பகுதியில் தயக்கமே வேண்டாம், அதைச் சுற்றி அரை விரல் அகலம் நல்ல பகுதியையும் சேர்த்தே வெட்டுங்கள். கத்தியைக் கொதிநீரில் கழுவி, அடுத்த வெட்டுக்குப் போங்கள். தொற்று எப்படிப் பரவும் என்று ஒரு செவிலியருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டி எடுத்ததைச் செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், இன்னொரு தொட்டி மண்ணில் கலக்க வேண்டாம்.

மிஞ்சுவது பிஸ்கட் அளவுதான் இருக்கும். மனம் உடையாதீர்கள், அது போதும். இதன் வேர் ஆழம் போகாது என்பதால் ஆழமான தொட்டி கூடாது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் உயரம், அகலமான வாய், அடியில் நிச்சயம் ஓட்டை. பீங்கான் கிண்ணம் மனதுக்குப் பிடித்திருந்தால் வெளி உறையாக வைத்துக்கொள்ளுங்கள், செடி உள்ளே தனித் தொட்டியில் இருக்கட்டும். சாதாரணத் தொட்டி மண் இரண்டு பங்கு, பெர்லைட்டோ (தொட்டி மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் குருணை) பொடிச் சரளையோ ஒரு பங்கு. துண்டை வைத்து, சுற்றி மண் இட்டு, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் மெத்தை மேலே உப்பிக்கொண்டு காய ஆரம்பிக்கும். கொல்லையில் புல் பதிக்கும்போது காலால் மிதித்து விடுவார்களே, அதே கணக்கு.

தண்ணீரைத் தட்டில் ஊற்றி, தொட்டியை இருபது நிமிடம் அதில் உட்காரவைத்து, பிறகு தட்டை வடித்துவிடுங்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். ஆள்காட்டி விரலை ஓரத்து மண்ணில் முதல் கணு வரை விடுங்கள். நுனிக்கு மட்டும் ஈரம் தட்டுப்பட்டால் அன்று மாலை தண்ணீர் காட்டலாம், கணு வரை குளுகுளுவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் முழுக்கக் காயவும் விடக்கூடாது. வேர் மேலாக இருப்பதால் காய்ந்தால் மீட்பது கஷ்டம். ஸ்பிரே பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். உரம் இப்போது வேண்டாம், ஏப்ரலில் திரவ உரத்தை, உரப் பாட்டிலில் சொன்னதில் பாதி அளவாகக் கரைத்து ஒரு முறை கொடுத்தால் அந்த வருடத்துக்குப் போதும். அதிகம் கொடுத்தால் நடுவில் உப்பி எழும்பும், பாய் போன்ற அழகு போய்விடும்.

வீட்டுக்குள்ளா, பால்கனியிலா?

பால்கனி இருக்கிறது, ஆனால் குளிருக்குப் பயந்து கதவையே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் முதல் சிபாரிசு அந்தப் பால்கனிதான். ஒரு தோட்டக்கலைக்காரனாக மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், பேர்ல்வொர்ட் உண்மையில் வீட்டுக்குள் வளர்க்கும் செடி இல்லை. வீட்டுக்குள்ளும் வளர்க்க முடியும், ஆனால் அதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டும், டிவிப் பலகையில் நடக்காது.

பால்கனிக்கு மாற்றுவதென்றால் அவசரப்படாதீர்கள். சூடான அறையிலிருந்து ஒரே நாளில் உறைபனிக்கு அனுப்பினால் எந்தச் செடியும் மிரளும். வெட்டிய காயம் ஆறட்டும். மூன்று நான்கு வாரம் வீட்டிலேயே குளுமையான ஜன்னலோரம் வைத்திருந்து, பிப்ரவரிக் கடைசியில் வெயில் அடிக்கிற பகல் பொழுதுகளில் வெளியே வையுங்கள், இரவில் உள்ளே எடுங்கள். பத்து நாள் இப்படிப் பழக்கிய பிறகு வெளியிலேயே விட்டுவிடலாம். தொட்டியின் அடியில் இரண்டு ஓட்டுச் சில் கொடுத்துத் தூக்கி வையுங்கள், அயர்லாந்து மழையில் தண்ணீர் ஓடிவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: நான்காவது மாடிக் கைப்பிடிச் சுவரின் மேலோ கம்பியில் மாட்டியோ வைக்காதீர்கள். டப்ளின் காற்றுக்கு ஒரு கிலோ தொட்டி ஒன்றுமே இல்லை. கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் செடியைப் பற்றிய பேச்சே இருக்காது. பால்கனித் தரையில், மூலையில் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் பால்கனியில் பொருள் வைப்பது பற்றி ஏதாவது விதி இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் வீட்டு உரிமையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டு அனுமதி வாங்கிவிடுவது நல்லது. பிறகு முன்பணத்தைத் திருப்பித் தரும்போது பேச்சு வராது.

வேலை முடித்து வந்து சோபாவில் சாயும்போது கண்ணெதிரே ஒரு பச்சை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். உள்ளேதான் வேண்டும் என்றால், வீட்டிலேயே குளுமையான அறையைத் தேர்ந்தெடுங்கள். பத்து முதல் பதினெட்டு டிகிரி இதற்கு இதமான வெப்பம். பெரும்பாலும் அது படுக்கையறையாக இருக்கும். கீழே ரேடியேட்டர் இல்லாத ஜன்னல், கண்ணாடியை ஒட்டியே தொட்டி. ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே, நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற இடம் செடிக்கு இருட்டு. டப்ளினில் டிசம்பர் நடுவில் பகல் பொழுது ஏழரை மணி நேரம்தான், ஜூனில் பதினேழு. அதனால் அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு சின்ன எல்இடி வளர்ப்பு விளக்கை ஒரு அடி உயரத்தில் மாட்டி, டைமர் போட்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். நீங்கள் பகலில் தூங்குகிறவர், படுக்கையறை விளக்கு தூக்கத்தைக் கெடுக்குமென்றால் நீங்கள் டியூட்டியில் இருக்கும் இரவு நேரத்துக்கு டைமரை வைக்கலாம். தொடர்ந்து ஒரே நேரமாக இருக்கட்டும், அவ்வளவே.

மூன்றாவது வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அது. மார்ச் ஏப்ரலில் செடி தேறியதும் ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து இரண்டு தொட்டி ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் பால்கனியில் வளரட்டும். வாரத்துக்கு ஒரு தொட்டி என்று முறை வைத்து உள்ளே வந்து மேசையில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போகட்டும். குன்னூரில் நர்சரி வேலை பார்த்த நாட்களில், பங்களாக்களுக்குப் பூந்தொட்டிகளை நாங்கள் இப்படித்தான் மாற்றி மாற்றிக் கொடுப்போம். செடியும் களைக்காது, மேசையும் வெறிச்சோடாது.

கோடையில் மெத்தை நடுவில் மேடு தட்டினால் பயப்படாதீர்கள், இந்தச் செடியின் சுபாவம் அது. சின்னதாக ஆப்பு போல ஒரு துண்டை வெட்டி எடுத்து, மீதியை அழுத்திவிட்டால் இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். வெட்டிய துண்டு இன்னொரு தொட்டிக்கு ஆகும். சூடான, காய்ந்த அறையில் இலை மங்கி மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். வெளியே ஒரு நல்ல மழையில் வைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

கோயம்புத்தூருக்கு எடுத்துப்போகலாமா?

வேண்டாம், சகோதரி. இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இந்தியாவுக்குள் செடி, விதை எதைக் கொண்டுவந்தாலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை பொருந்தும். நடுவதற்கான செடிக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், புறப்படும் நாட்டிலிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வந்து இறங்கியதும் சோதனை உண்டு. மண்ணோடு கொண்டுவருவது அதைவிடச் சிக்கல். ஒரு சின்னத் துண்டுதானே, டிஷ்யூவில்தானே என்று தோன்றும். விமான நிலையத்தில் பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள், மே மாத விடுமுறையின் முதல் நாள் அங்கேயே கசந்துவிடும்.

சட்டத்துக்குப் பின்னால் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் காஃப் தீவு என்று ஒன்று உண்டு, உலகப் பாரம்பரியக் களம். உங்கள் பஸ் நிறுத்தத்துச் செடி, அந்த சாகினா புரொகும்பென்ஸ், மனிதர்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 1990களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். தூசி போன்ற விதை, மண்ணில் பல வருடம் காத்திருக்கும். அதை ஒழிக்கப் பாறை இடுக்கு இடுக்காகத் தேடிப் பல வருடங்கள் பாடுபட்டார்கள். டப்ளினில் யார் கண்ணிலும் படாத ஒரு செடி, வேறொரு மண்ணில் அத்தனை பெரிய தலைவலி ஆனது. ஈர டிஷ்யூவில் உங்கள் செடி மட்டுமே வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் முட்டையும் கூடவே வரும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, செடியே அங்கே பிழைக்காது. ஃபியூஷியா என்ற குளிர்ப்பிரதேசப் பூச்செடித் தொட்டிகளைக் குன்னூர் மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு எவ்வளவோ பேர் ஆசையாக வாங்கிப் போவார்கள். ஏப்ரல் தாண்டியது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேர்ல்வொர்ட் அதைவிடக் குளிர் கேட்கும் செடி. மே மாதக் கோவை வெயிலில் ஒரு வாரம் நிற்காது. அம்மா அதைக் கண்முன்னே வாடவிட்டுவிட்டு, தன் கைராசியைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாமே.

அம்மாவுக்கு வேறொன்று கொடுங்கள். வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் தரையோடு பாயாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையை அவருக்குத் தெரிந்திருக்கும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, துவையலும் அரைப்பார்களே, அதேதான். கணுவுக்குக் கணு வேர் விடும், வெயில் தாங்கும், அகலமான மண் சட்டியில் வைத்தால் இரண்டு மாதத்தில் விளிம்பு தாண்டி வழியும். அதன் சின்னஞ்சிறு பூக்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு மொட்டுத் தலையைச் சுற்றி மோதிரம் போல நிற்கும். ஊருக்குப் போனதும் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய், ரசாயனம் தெளிக்காத வரப்பாகப் பார்த்து, வேர் விட்ட நாலு கணுவைக் கிள்ளி வந்து நடுங்கள். உங்கள் கையாலேயே நடுங்கள். வீடியோ காலில் மாமியாருக்கும் காட்டுங்கள்.

டப்ளின் செடியை வெட்டி நட்ட பிறகு, மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்புங்கள். மேலிருந்து எடுக்காமல், ஜன்னலுக்கு எதிராகப் பக்கவாட்டில் எடுங்கள். புதுத் தளிர் வந்திருக்கிறதா என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.